பங்களாப் போறணையும் லயத்து அடுப்பும்: ஊவா மலையகத்தில் ஒரு தோடம்பழக் கேக்கின் வரலாறு

வரலாறு எனும்போது மன்னரும் போரும் உடன்படிக்கைகளுமே நம் நினைவில் முதலில் எழுகின்றன. ஊவாவை எடுத்துக்கொண்டால் 1817, 1818ஆம் ஆண்டுகளின் கிளர்ச்சி பற்றியும், 1886இல் அது தனி மாகாணமாக்கப்பட்டமை பற்றியும் நூல்கள் பேசும். ஆனால் அம்மலைகளில் வாழ்ந்த மக்கள் எதனை உண்டனர், எதனைச் சமைத்தனர், தாம் சமைத்தவற்றுள் எவற்றைத் தாம் உண்ண இயலாதிருந்தனர் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை அரிதாகவே கிடைக்கும். உண்டவரின் பெயர் ஏட்டில் நிற்க, சமைத்தவரின் பெயர் புகையோடு போய்விடுவது உலகெங்கும் காணப்படும் வழமையாகும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது. தோடம்பழத் தோலின் மணமும் பச்சிலையின் மணமும் சேர்ந்த, நீள்சதுரத் தகரத்தில் வெதுப்பப்படும் ஒரு கேக் அது. பூனாகலைப் பகுதியில் அதனை வீட்டிலே செய்யும் வழக்கம் எவ்வாறு தோன்றியது, ஏன் இத்துணை காலந்தாழ்த்தித் தோன்றியது என்பதை ஆராய்வதே நோக்கம். ஒரு கேக்கை ஆராய்வதா எனச் சிலர் நகைக்கவுங்கூடும். எனினும் கோதுமை மா, பழம், போறணை, வீடு ஆகிய நான்கும் ஒன்றுகூடும் இடம் அது. இந்நான்கினுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அவை ஒரே கூரையின்கீழ் வந்து சேர்வதற்கு எம்மக்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பூனாகலை, பதுளை மாவட்டத்திலே பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடைப்பட்ட மலைகளில் அமைந்த தேயிலைப் பிரதேசமாகும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் இம்மலைகள் தேயிலைக்கு மாறின. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து டம்பத்தென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கியதாகக் கூறப்படும் 'லிப்டன் இருக்கை' பூனாகலை மலைத்தொடரிலேயே உள்ளது. புகையிரதம் 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் வந்தடைந்தது. தேயிலைப் பெட்டிகள் கீழிறங்கிய அதே பாதையிலேயே மாவும் சீனியும் தகரத்தில் அடைத்த பட்டரும் மேலேறின என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

முதலிற் பழத்தை நோக்குவோம். தோடை இனங்கள் நம் நாட்டுக்குப் புதியனவல்ல. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் இனிப்பும் புளிப்புமான தோடம்பழங்கள் இங்கு இருந்தமையைக் குறிப்பிடுகின்றார். தோடம்பழம் என்னும் நம் வழக்கே 'தொடம்' என்னும் சிங்களச் சொல்லோடு உறவுடையது. மறுபுறம், 'நாரத்தை' என்னும் தமிழ்ச்சொல்லோடு உறவுடைய 'நாரங்க' என்னும் வடசொல், பாரசீகம், அரபு, ஸ்பானிய மொழிகளின் வழியே சென்று ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயராயிற்று. அச்சொல்லின் மூலம் திராவிட மொழியாயிருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர் பலரின் கருத்து. இனிப்புத் தோடையை ஐரோப்பாவிற் பரப்பியவர் போர்த்துக்கேயர் என்பதனால் அரபியரும் துருக்கியரும் அதற்குப் போர்த்துக்கலின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். இவ்வாறு ஒரு பழம் தன் பெயரை ஊர்தோறும் மாற்றிக்கொண்டே உலகைச் சுற்றிவந்துள்ளது. ஊவா மாகாணத்திலேயே மொனராகலை மாவட்டத்துப் பிபிலை, இனிப்புத் தோடைக்குப் பேர்பெற்ற ஊராகும். ஆகவே பழத்தைப் பொறுத்தவரை எமக்குக் குறைவிருக்கவில்லை.

குறை இருந்தது போறணையில். நம் மரபுச் சமையல் அவித்தல், பொரித்தல், சுடுதல், வறுத்தல் ஆகியவற்றைக் கொண்டது. மூடிய அறையினுள்ளே சுற்றிலும் வெப்பம் பரவ வெதுப்பும் முறை நம் வீட்டுச் சமையலுக்கு அயலானது. இதற்குச் சொற்களே சான்று. பாண், விசுக்கோத்து, போறணை, குசினி ஆகிய நான்கும் போர்த்துக்கேய மொழிவழி வந்த சொற்கள். ரவையும் மரமுந்திரிகைப் பருப்பும் பன்னீரும் சேரும் 'லவ் கேக்' போர்த்துக்கேயர் செல்வாக்கினை உடையது என்பர். நத்தார்க் காலத்திற் பறங்கியர் இல்லங்களிற் செய்யப்படும் 'புரூடர்' ஒல்லாந்தர் வழிவந்தது. பிரித்தானியர் காலத்தில் இவையனைத்தும் ஒன்றுகலந்து, இலங்கைக்கே உரிய கேக் மரபொன்று உருவாயிற்று. ஹில்டா டியூட்ரம் தொகுத்து 1929இல் ஆங்கிலத்தில் வெளிவந்த டெயிலி நியூஸ் சமையல் நூல் இம்மரபைப் பதிவுசெய்த முக்கிய ஆவணமாகும். அந்நூல் யாருடைய கைகளுக்குச் சென்றிருக்கும் என்பது இங்கு எழும் வினா. அது துரைசாணிமாரின் கைகளுக்குச் சென்றது. நகரத்து நடுத்தர வகுப்பினரின் கைகளுக்கும் சென்றது. ஆனால் அதிலுள்ளவற்றை அடுப்படியில் நின்று ஆக்கிய பங்களா அப்புமார் பலருக்கு ஆங்கில எழுத்தே தெரியாது. அவர்களுடைய நூல் அவர்களுடைய நினைவே.

தோட்டத்துப் பங்களாவையும் லயத்தையும் பிரித்தது வெறும் தூரமன்று. பங்களாவிலே தனிக் குசினி இருந்தது. அதிலே இரும்புப் போறணை இருந்தது. பின்புறத்திலே காய்கறித் தோட்டமும் தோடை, எலுமிச்சை மரங்களும் உரோசுமேரி, தைம் போன்ற மேனாட்டுப் பச்சிலைச் செடிகளும் இருந்தன. லயத்திலோ பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவிலமைந்த காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. முன்னே ஓர் இஸ்தோப்பு, அதன் மூலையில் விறகடுப்பு. அவ்வடுப்பே சமையலறை, குளிர்காய்ந்த இடமும் அதுவே. போறணை என்பது பொருள்மட்டுமன்று, இடமுமாகும் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகின்றது. இடமில்லாதவனுக்குப் பொருள் கிடைத்தும் பயனில்லை.

இனி மாவின் கதைக்கு வருவோம். கோதுமை இலங்கையில் விளைவதன்று. தமிழகத்தின் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த எம் முன்னோர் கோதுமையை அன்றாட உணவாகக் கொண்டவருமல்லர். அரிசியைத் தோட்ட நிருவாகமே வழங்கி அதன் பெறுமதியைச் சம்பளத்திற் கழித்துக்கொள்ளும் முறை நெடுங்காலம் நிலவிற்று. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே பர்மா அரிசியின் வரவு நின்றது, பங்கீட்டுமுறை வந்தது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா தோட்டங்களுக்குள் நுழைந்தது. போர் முடிந்தபின்னரும் அது வெளியேறவில்லை. மாவைப் பிசைந்து தட்டையாகத் தட்டித் தகட்டிற் சுட்டெடுக்கும் தோட்டத்து ரொட்டி, காலையிற் பிரட்டுக் களத்துக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு விரைவில் ஆகும் உணவாயிற்று. மலையிற் கொழுந்து பறிக்கும்போது பசிதாங்கும் உணவுமாயிற்று. சம்பலும் சாயத்தண்ணீரும் அதற்குத் துணை.

இங்குதான் வரலாற்றின் முரண் ஒன்று தெளிவாகின்றது. ஒரே கப்பலில் வந்த ஒரே மா, பங்களாவிலே கேக்காகவும் லயத்திலே ரொட்டியாகவும் ஆயிற்று. அங்கே அது செழிப்பின் அடையாளம்; இங்கே அது பற்றாக்குறையின் அடையாளம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் அந்த மாவும் கிடைக்காது போனபோது தோட்டங்களிற் பட்டினி தலைவிரித்தாடியது. 1974இல் தோட்டப்புற மரணவீதம் பெரிதும் உயர்ந்தது. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டிருந்த மக்களுக்கு, உணவுக்காகக் குரலெழுப்ப வாக்குப்பலமும் இருக்கவில்லை. 1980இல் திருகோணமலையிற் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியதன்பின் மா நாடெங்கும் தாராளமாகக் கிடைக்கலாயிற்று. ஆயினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, ரொட்டியை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களே முதலில் அடிபட்டன. கேக்கைப் பற்றிப் பேசும் எவரும் இந்த ரொட்டியை மறத்தலாகாது.

பெருந்தோட்ட முதலாளியின் நாவிற்காக உள்ளூர்க் கைகள் கேக் செய்யக் கற்றமை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கேரளத்துத் தலைச்சேரியிலே மம்பள்ளி பாப்பு என்பார் பர்மாவிற் கற்ற தொழிலைக்கொண்டு 1880இல் விசுக்கோத்துத் தொழிலகம் ஒன்றைத் தொடங்கினார். 1883இல் கறுவாத் தோட்ட உரிமையாளரான மேர்டொக் பிரௌன் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த நத்தார்க் கேக் ஒன்றைக் காட்டி அதுபோற் செய்து தரும்படி கேட்டார். பாப்பு உள்ளூர்க் கொல்லரைக்கொண்டு அச்சு வார்ப்பித்து, பிரெஞ்சு மதுவுக்குப் பதிலாக முந்திரிப்பழமும் வாழைப்பழமும் சேர்த்து வடித்த நாட்டு மதுவைச் சேர்த்து அக்கேக்கைச் செய்தார் என்பது வழிவழிச் செய்தி. இந்தியாவில் ஆக்கப்பட்ட முதல் நத்தார்க் கேக் என அது போற்றப்படுகின்றது. தலைச்சேரியிற் செய்தவரின் பெயர் நின்றது. காரணம், அவருக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது. ஊவாவின் தோட்டங்களிற் செய்தவர்களின் பெயர்கள் நிற்கவில்லை. அவர்கள் சம்பளத்துக்கு நின்றவர்கள்.

அப்பெயரிலிகளுள் ஒருவர் எனது அம்மாயியின் தந்தையார். பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பங்களாவிலே எடுபிடியாகச் சேர்ந்து, பாத்திரந்தேய்த்து, விறகு பிளந்து, ஈற்றில் அப்புவானவர். அவரை நான் கண்டதில்லை. கொழுந்து பறித்தே முதுமையெய்திய அம்மாயி கூறக் கேட்டவற்றையே இங்கு எழுதுகின்றேன். ஒருவரின் நினைவு வரலாறாகாது எனச் சிலர் கூறலாம். ஆனால் எழுதப்பட்ட ஏடு இல்லாத மக்களுக்கு நினைவே முதற் சான்றாகும். அதனை வேறு சான்றுகளோடு ஒப்புநோக்குதல் நம் கடன்.

அவரிடம் தராசு இருந்தது. ஆனால் படிக்கற்களின் எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஆகவே அவர் முட்டையையே படிக்கல்லாகக் கொண்டார். நான்கு முட்டைகளை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் முதலில் மாவையும், பின் சீனியையும், பின் பட்டரையும் சமமாக நிறுத்தெடுப்பாராம். இது அவருடைய தனிக் கண்டுபிடிப்பன்று. நான்கு பொருளையும் சமநிறையாகக் கொள்ளும் முறை ஐரோப்பாவிற் பழையது. பிரெஞ்சுக்காரர் அதற்கு 'நாலு காற்பங்கு' எனப் பொருள்படும் பெயரையே வைத்துள்ளனர். நான்கு முட்டைகள் ஏறத்தாழ 220 கிராம் நிறுக்கும் எனக் கொண்டால், நீள்சதுரத் தகரம் ஒன்றுக்கு அது மிகப் பொருத்தமான அளவென்பது தெளிவாகும். எழுத்தறியாதவர் கணக்கறியாதவர் அல்லர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தோடம்பழத்தின் மஞ்சட் புறத்தோலை மட்டும் மெல்லத் துருவி, உள்ளிருக்கும் வெண்சதையைத் தொடாது விடவேண்டும் என்பது அவர் கட்டளை. மணம் தரும் நெய்யம் புறத்தோலிலேயே உள்ளது; வெண்சதையோ கசக்கும். துருவலைச் சீனியோடு விரல்களாற் கசக்கும்போது அந்நெய்யம் சீனியில் ஊறிக் கேக் முழுவதும் பரவுகின்றது. பங்களாவில் உரோசுமேரி இலையைப் பொடியாக நறுக்கி ஒரு தேக்கரண்டியளவு சேர்ப்பார். வீட்டிற் செய்த ஓரிரு முறைகளில், வேலியோரத்து எலுமிச்சைப்புல்லின் வெண்டண்டை நசுக்கிப் பட்டரில் இளஞ்சூட்டில் ஊறவைத்து வடித்துக்கொண்டாராம். துரையின் பச்சிலைக்கு ஈடாகத் தம் நிலத்தின் பச்சிலையை அவர் தாமே தேர்ந்துகொண்டார்.

இன்னுமொன்று குறிப்பிடத்தக்கது. கேக்குக்கு இடும் சோடாமாவை நகரத்தார் சொல்லும் அளவிலும் குறைத்தே இடவேண்டும், இல்லையேல் கேக் 'குழிவிழும்' என அவர் கூறுவாராம். இதனை இன்றைய விஞ்ஞானம் விளக்குகின்றது. கடல்மட்டத்தில் 100 பாகை சதத்திற் கொதிக்கும் நீர், 1500 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 95 பாகையிற் கொதித்துவிடும். வளியமுக்கம் குறைவாயிருப்பதனால் மாக்குழம்பினுள் உண்டாகும் காபனீரொட்சைட்டு வாயு மிகையாக விரிகின்றது. முட்டையின் புரதமும் மாவின் மாப்பொருளும் இறுகி உருப்பெறுமுன்னரே கேக் பொங்கியெழுந்து, பின்னர் நடுவில் அமிழ்ந்துவிடுகின்றது. கொழும்பில் அச்சிட்ட நூலின் அளவு ஊவாவின் உயரத்துக்குப் பொருந்தாது என்பதை அவர் பல கேக்குகளைக் குழிவிழச் செய்தே கற்றிருத்தல் வேண்டும். அக்குழிகளுக்காக எத்தனை வசைகளைக் கேட்டாரோ, அதனை அம்மாயி சொல்லவில்லை.

பங்களாவில் வெட்டியெறியும் கருகிய ஓரங்களைத் தாளிற் சுற்றி இரவில் அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மாயிக்கும் அவருடைய உடன்பிறந்தோருக்கும் கேக் என்றால் அந்த ஓரந்தான். "நடுத்துண்டு எப்பிடி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாது. ஒரு நாளு அப்பாவே செஞ்சு காட்டுனாரு" என்றார் அம்மாயி. ஒரு தீபாவளிக்கு, அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் மீன்தகரத்தில் மாக்குழம்பை வைத்து, மூடியின்மேலும் தணலைக் கொட்டி, இஸ்தோப்பு அடுப்பிலேயே அவர் வெதுப்பியிருக்கின்றார். தென்னோலை ஈர்க்கினைக் குத்தி, ஒட்டாது வந்ததும் இறக்கினாராம். லயத்தின் பன்னிரண்டு காம்பராக்களுக்கும் ஆளுக்கொரு விரலளவு துண்டு போயிற்று. அன்று நடுத்துண்டை உண்ட அம்மாயி முதலிற் சொன்னது, "இதுல கருகலே இல்லையே" என்பதாம். கருகலும் கேக்கின் சுவையென்றே அதுவரை எண்ணியிருந்தார்.

மணலும் தணலும் கொண்டு போறணையை உண்டாக்கிய இம்முறை இலங்கையின் ஏனைய பகுதிகளிலும் மின்னடுப்பு வருமுன்னர் வழங்கியதே. ஆயினும் லயத்திலே அது வழக்கமாக நிலைக்கவில்லை. பட்டருக்கும் சீனிக்கும் பணம் வேண்டும். ஒரு மணிநேரம் தணலைக் காக்க ஓய்வு வேண்டும். புகையும் நெரிசலும் இல்லாத இடம் வேண்டும். விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மாலையிற் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு இம்மூன்றுமே இருக்கவில்லை.

அண்மைக் காலத்தில் நிலைமை மாறிவருகின்றது. நகரங்களில் வேலைக்குச் சென்ற பிள்ளைகள் சிறு மின்போறணைகளை வாங்கி வருகின்றனர். ஆனால் மாற்றத்தின் மூலக்காரணம் வீடேயாகும். 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவியலாது. மண்ணுக்குள் போனவை லயங்கள். அவற்றின் இஸ்தோப்புகளும் காலையடுப்புகளும். உயிர்தப்பியோர் நீண்டகாலம் தற்காலிக இடங்களில் வாழ்ந்தபின், பூனாகலை மகல்தெனியவில் 75 தனிவீடுகள் அமைக்கப்பட்டு 2016இல் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒருவருக்கு ஏழு பேர்ச் காணியும் தனிச் சமையலறையும் என்பது பேரிழப்புக்குப் பின்னரே வாய்த்த பேறு என்பதை எண்ணுகையில் நெஞ்சு கனக்கின்றது. அதனை எதனோடும் ஈடுவைத்துப் பேசுதல் தகாது. இன்றும் லயங்களிலேயே வாழும் பெருந்தொகையான குடும்பங்களுக்கு அத்தகைய சமையலறை கனவாகவே இருக்கின்றது.

சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டில் இக்கேக்கைச் செய்தோம். நான்கு முட்டைகளைத் தராசிலிட்டே நிறுத்தோம். இரண்டு தோடம்பழங்களின் துருவல், நசுக்கிய எலுமிச்சைப்புல், சோடாமா ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. 170 பாகையில் ஐம்பது நிமிடம். அம்மாயி போறணையின் கண்ணாடிக்கு முன்னே முக்காலியிட்டு அமர்ந்து, நேரம் முடியும்வரை எழவில்லை. ஈர்க்கினைத் தாமே குத்திப் பார்த்தார். வெட்டியதும் நடுத்துண்டை எனக்கு நீட்டிவிட்டு ஓரத்துண்டைத் தாம் எடுத்துக்கொண்டார். ஏனென்று கேட்டேன். "எனக்கு இதுதான் கேக்கு" என்றார்.

மலையக மக்களின் சம்பளம், பிரசாவுரிமை, தொழிற்சங்கம் ஆகியவை பற்றிய ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. நாட்டார் பாடல்களையும் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்தளித்தனர். பங்களாக் குசினிகளில் வேலைசெய்தோரின் நினைவுகளும் அவ்வாறே தொகுக்கப்படல் வேண்டும். அவர்களுட் பலர் மறைந்துவிட்டனர். அவர்தம் பிள்ளைகளும் முதுமையெய்திவிட்டனர். விடுமுறைக்குத் தோட்டத்துக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டோடு அடுப்படியில் அமர்ந்தாலே இப்பணி தொடங்கிவிடும். முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, என்ன சமைத்தீர்கள் என்பதன்று. அதில் உங்களுக்கு எந்தத் துண்டு கிடைத்தது என்பதே.